வெள்ளிக்கிழமை ஒரு பாலம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பாலம்

“அவங்கள் என்னை டினை பண்ணேல்லை அண்ணை. நான்தான் வித்ட்ரோ பண்ணினனான்.”

வழக்கறிஞரின் அறையில் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தம்பி சொன்ன முதல் வசனம் இது. டினை என்றால் மறுத்தல், வித்ட்ரோ என்றால் கேட்டதைத் தானாகவே மீளப்பெறுதல். சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த ஒரு உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த்தான் வாழ்நாள் முழுக்க நிற்கக்கூடிய ஓர் அமெரிக்கத் தடையை அவர் வாங்கி வந்திருந்தார்.

நான் தொழிலால் உரைபெயர்ப்பாளன். ரொறன்ரோவில் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவருக்காகத் தமிழ்க் கட்சிக்காரர்களின் பேச்சையும் தாள்களையும் மொழிமாற்றிக் கொடுக்கிறேன். இந்த வழக்கை அந்தத் தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர் பெயர், ஆண்டு, எந்தெந்தப் பாலங்கள் என்பவற்றை விட்டுவிடுகிறேன். மற்றபடி நடந்தது நடந்தபடி. இதே தவறை இதே ஒழுங்கில் செய்தவர்கள் அதற்குப் பிறகும் வந்திருக்கிறார்கள். அதனால்தான் எழுத வேண்டும் என்று பட்டது.

ஆளும் பயணமும்

வயது முப்பதைத் தாண்டிய இளைஞர். இருபதாவது வயதில் இலங்கையிலிருந்து வந்து, பிறகு கனடியக் குடியுரிமை எடுத்தவர். ஸ்காபரோவில் நிலக்கீழ் அறை ஒன்றில் வாடகைக்கு இருந்தார். களஞ்சியசாலை வேலை போய் இரண்டு மாதம். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. அம்மாவுக்கு இலங்கையிலிருந்து விசா கிடைக்கவில்லை. “நீயாவது வந்து ஒரு ரெண்டு மாசம் நில்லடா” என்று அக்கா கேட்டிருக்கிறா. வேலையும் இல்லை, போவோம் என்று கிளம்பிவிட்டார்.

கனடியக் குடிமக்களுக்குச் சுற்றுலாவாகவோ உறவினரைப் பார்க்கவோ அமெரிக்கா போக விசா தேவையில்லை. கடவுச்சீட்டைக் காட்டினால் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க விடுவார்கள். இதனால் எங்கள் ஆட்களில் பலர், எல்லைப் பாலத்தைக் கடப்பது பக்கத்து மாகாணத்துக்குப் போவது போன்ற ஒன்று என்று நினைக்கிறார்கள். விசா தேவையில்லை என்பதற்கு, தூதரகத்தில் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் எல்லைச் சோதனைக் கூண்டுக்குள் இருக்கும் அதிகாரியே கேட்பார் என்றுதான் பொருள். அமெரிக்கக் குடிவரவு, தேசியச் சட்டத்தின் 214(பி) பிரிவு, வருகிற ஒவ்வொருவரையும் அங்கேயே குடியேற வருபவர் என்று எடுத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அப்படியில்லை என்று காட்டுவது வருபவரின் வேலை. கனடியக் குடிமகனுக்கும் இதே விதிதான்.

முதல் பாலம்

வெள்ளிக்கிழமை மாலை அவருடைய காரில் இருந்தவை: இரண்டு பெரிய சூட்கேஸ், குளிர்கால உடுப்பு முழுவதும், மேசைக் கணினி, பிள்ளைக்கு வாங்கிய தொட்டில். முதல் கூண்டில் இருந்த அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார். உள்ளே என்பது இரண்டாம் கட்ட விசாரணை. எங்கள் ஆட்கள் ‘செகண்டரி’ என்பார்கள். அங்கே உங்களுக்கு வழக்கறிஞர் வைக்கும் உரிமை கிடையாது. தொலைபேசியைக் கேட்டால் கொடுக்காமல் இருக்கலாம். ஆனால் கொடுக்காத வெளிநாட்டவரை உள்ளே விடாமல் இருக்க அவர்களுக்கு அதுவே போதும்.

அவர் கொடுத்தார். அத்தான் ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த குறுஞ்செய்தி ஒன்று அதில் இருந்தது. நின்றால் கடையிலும் கொஞ்சம் உதவலாம் என்று ஒரு வரி. அத்தானுக்கு அங்கே ஒரு சின்னக் கடை. குடும்பத்துக்குள் உதவி, சம்பளம் கிடையாது என்று இவர் விளக்கினார். சம்பளம் வாங்காவிட்டாலும் கடையில் நின்று வேலை செய்வது பார்வையாளருக்கு உரியதல்ல என்பது அவர்கள் நிலை. வேலை இல்லை, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லை, திரும்பும் நாள் தெரியாது, வீட்டுச் சாமான் பாதி காரில், இதற்கு மேல் அந்தக் குறுஞ்செய்தி. நான் அந்த அதிகாரியின் இடத்தில் இருந்திருந்தாலும் விட்டிருப்பேனா என்பது எனக்குச் சந்தேகமே. இதைத் தம்பியிடமே சொல்லியிருக்கிறேன்.

மூன்று மணித்தியாலம் கழித்து அதிகாரி இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னார். ஒன்று, துரித வெளியேற்ற ஆணை, அதாவது நீதிபதி இல்லாமலே எல்லை அதிகாரி எழுதும் ஆணை. மற்றது, உள்ளே வரக் கேட்ட விண்ணப்பத்தை அவராகவே மீளப்பெற்றுக்கொண்டு திரும்பிப் போவது. இந்த இரண்டாவது வழி நம் உரிமை அல்ல. சட்டத்தின் 235(ஏ)(4) பிரிவு அதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. செய்த பிழை எவ்வளவு பாரதூரமானது, முன்பு மறுக்கப்பட்டிருக்கிறாரா, சட்டத்தை மீறும் எண்ணம் இருந்ததா, குறையை எளிதில் சரிசெய்ய முடியுமா, வயது, உடல்நிலை, மனிதாபிமானக் காரணம் என்று பலதையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அன்று அவருக்குக் கொடுத்தார்கள். கைரேகை, படம் எடுத்து, ஐ-275 என்ற படிவத்தில் கையெழுத்து வாங்கி, காரைத் திருப்பிவிட்டார்கள். வேலையும் வாடகை ஒப்பந்தமும் காட்டக் கூடிய நேரத்தில் திரும்பி வரலாம் என்று அதிகாரி சொல்லியும் அனுப்பியிருக்கிறார்.

அந்தப் படிவத்தின் நகலை நான் பார்த்தேன். தடை என்று எதுவும் அதில் இல்லை. ஐந்து வருடமும் இல்லை, ஒரு வருடமும் இல்லை. சட்டப்படி மறுநாளே திரும்பி வந்து கேட்கலாம். அந்த வெள்ளிக்கிழமை இரவு அவரிடம் இருந்தது, எளிதில் ஆறிவிடக் கூடிய ஒரு சின்னக் காயம் மட்டும்.

நடுவில் இரண்டு இரவு

சனிக்கிழமை மச்சான் ஒருவர் வந்தார். இந்த மச்சான்மார் இல்லாத எல்லை வழக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாதவர்கள். தங்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். அவர் சொன்னது இரண்டு.

“வேற பிரிட்ஜாலை போ. அங்கை வேற ஆள் இருப்பான்.”

“வித்ட்ரோ எண்டா டினை இல்லை. கேட்டா இல்லை எண்டு சொல்லு.”

முதலாவதை எடுப்போம். நயாகரா ஆற்றின் மேல் மட்டும் நான்கு கடவைகள்: 1927-இல் திறந்த பீஸ் பாலம், 1941-இன் ரெயின்போ பாலம், லூயிஸ்டன்-குவின்ஸ்டன் பாலம், முன்கூட்டியே சோதித்து அனுமதித்த நெக்ஸஸ் அட்டைக்காரருக்கு மட்டுமான வேர்ள்பூல் பாலம். மேற்கே போனால் சார்னியாவில் புளூ வாட்டர் பாலம், வின்சரில் அம்பாசடர் பாலமும் ஆற்றின் கீழே போகும் சுரங்கமும். இத்தனை வாசல் இருப்பதால் இத்தனை வீடு என்று தோன்றுகிறது. வீடு ஒன்றுதான். டெக்ஸ் எனப்படும் ஒரே பதிவுத் தொகுதியைத்தான் எல்லா வாசலிலும் திறக்கிறார்கள். கடவுச்சீட்டைக் கருவியில் வைத்த மறுகணமே வெள்ளிக்கிழமை நடந்தது திரையில் வந்துவிடும். விமான நிலையத்துக்குப் போனாலும் அதே திரைதான்.

வேறு பாலத்துக்குப் போவதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. எந்த வாசலிலும் போய்க் கேட்கலாம். ஆனால் இரண்டு நாளில் வேறு வாசலில் நிற்பவரைப் பார்க்கும் அதிகாரி, இவர் ஏன் பழைய வாசலுக்குப் போகவில்லை என்று யோசிப்பாரா மாட்டாரா?

தம்பி அத்தோடு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை எதெல்லாம் கண்ணில் பட்டதோ அதையெல்லாம் அகற்றினார். சூட்கேஸ்களை இறக்கிவைத்தார். மேசைக் கணினியை அறையில் வைத்துவிட்டார். நண்பரின் காரை இரவல் வாங்கினார். அத்தானின் குறுஞ்செய்தியை அழித்தார். அவர் மனதில், பிழையாகத் தெரிந்ததைத் திருத்திக்கொண்டு போகிறேன் என்ற எண்ணம். அதே செயல்கள் கோப்பில் எழுதப்படும்போது வேறு விதமாக வாசிக்கப்படும்: வாகனத்தை மாற்றினார், சாமானை மறைத்தார், செய்தியை அழித்தார். அதிகாரி சொன்ன வேலையும் வாடகை ஒப்பந்தமும் மட்டும் வெள்ளிக்கிழமை இருந்தபடியே இருந்தன.

ஒரு சொல்லுக்குள் இரண்டு கதவு

மச்சானின் இரண்டாவது அறிவுரைதான் எனக்கு மனதை அறுக்கும் இடம், ஏனென்றால் அது என் தொழில் சம்பந்தப்பட்டது.

மீளப்பெறுதல் வேறு, மறுக்கப்படுதல் வேறு. சட்டத்திலும் வேறு. மீளப்பெற்றவர் மேல் வெளியேற்ற ஆணை கிடையாது. ஆகவே “வித்ட்ரோ எண்டா டினை இல்லை” என்பதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கேள்வி கேட்பவர் எதற்காகக் கேட்கிறார்? முன்பு ஒரு முறை வந்து உள்ளே போக முடியாமல் திரும்பினாயா என்று அறியத்தான். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் இந்தக் கேள்வியை ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா, நுழைவாயிலில் விண்ணப்பத்தை மீளப்பெற்றீர்களா என்று மூன்றையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கிறது. அந்தப் படிவத்தைப் பார்த்தவர் யாரும் மீளப்பெற்றதை மறைக்கலாம் என்று நினைக்க மாட்டார். கூண்டில் இருக்கும் அதிகாரிக்கு அவ்வளவு நீளமாகக் கேட்க நேரமில்லை. ‘மறுக்கப்பட்டதுண்டா’ என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறார். விசா தேவையில்லாத கனடியருக்கு அந்தப் படிவமும் கண்ணில் படுவதில்லை. மூன்று சொல்லையும் கூண்டிலும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு விநாடி கூடச் செலவாகும், பலருடைய எதிர்காலம் தப்பும்.

பிரித்தானிய, பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு போகும் எங்கள் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. இஸ்டா என்ற இணைய அனுமதியோடு போய்த் திருப்பி அனுப்பப்பட்டால், அந்த அனுமதி இனி உதவாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூதரகத்தில் விசாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே அதே மூன்று சொல் கேள்வி காத்திருக்கும்.

இரண்டாம் பாலம்

ஞாயிறு காலை. ஒரு சின்னப் பை, இரவல் கார். எங்கே போகிறீர்கள்? அக்காவைப் பார்க்க. எத்தனை நாள்? இரண்டு நாள். முன்பு எப்போதாவது அமெரிக்காவுக்குள் நுழைய மறுக்கப்பட்டதுண்டா?

“நோ.”

திரையைப் பார்த்தபடியே அதிகாரி இன்னொரு முறை கேட்டார். நிச்சயமாகவா?

“நோ, நெவர்.”

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவர் பிடிபடுவதற்கு முன், தானாகவே, கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் அதைத் திருத்திக்கொண்டால் அது பொய்யுரைத்த குற்றமாகக் கொள்ளப்படாது என்று குடிவரவு மேன்முறையீட்டுச் சபையின் பழைய தீர்ப்பு 1960-இலேயே இருக்கிறது. உரிய நேரத்தில் திருத்துதல் என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதைத்தான். “நிச்சயமாகவா?” என்று அதிகாரி கேட்டபோது அந்த வாசல் இன்னும் முழுதாய்ச் சாத்தப்படவில்லை. அப்போதாவது “வெள்ளிக்கிழமை வந்தேன், விண்ணப்பத்தை மீளப்பெற்றுக்கொண்டு போனேன்” என்று சொல்லியிருந்தால் வழக்கறிஞருக்கு வாதாட ஓர் இடம் இருந்திருக்கும். அவர் ‘நெவர்’ என்ற சொல்லையும் சேர்த்தார்.

பிறகு ஐந்து மணித்தியாலம் செகண்டரியில்.

வாக்குமூலத் தாள்

அன்று எழுதப்பட்ட சத்தியக் கூற்றின் நகல் என் மேசையில் பல வாரம் இருந்தது. துரித வெளியேற்றத்தில் இப்படி ஒரு கூற்றை எடுப்பது கட்டாயம். அதிகாரி கேள்வியைத் தட்டச்சு செய்கிறார், பதிலைத் தட்டச்சு செய்கிறார், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உங்கள் முதலெழுத்தை வாங்குகிறார். முதல் பக்கத்தில் தம்பியின் முதலெழுத்துகள் இரண்டும் தெளிவாக, புள்ளியோடு இருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் ஒரு வளைந்த கோடு மட்டும்.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வி: ஆங்கிலம் விளங்குமா, உரைபெயர்ப்பாளர் வேண்டுமா? ஆங்கிலம் விளங்கும், வேண்டாம் என்று பதில். பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் வேலை செய்தவர், விளங்காது என்று சொல்ல வெட்கப்பட்டார். தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரைப் பிடிக்க நேரமாகும், அதற்குள் கோபப்படுவார்கள் என்றும் பயந்தார்.

நடுப்பக்கத்தில் வருகிறது அந்த இடம். வெள்ளிக்கிழமை நடந்ததை ஒப்புக்கொள்கிறார். விண்ணப்பத்தை மீளப்பெற்றேன் என்று சரியான சொல்லைத்தான் பாவிக்கிறார். பிறகு, கூண்டில் இருந்த அதிகாரியிடம் ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேள்வி. பதில்: ஆம் என்று சொன்னால் என்னை உள்ளே விடமாட்டீர்கள் என்று பயந்தேன்.

இந்தப் பதில் இல்லாமல் இருந்திருந்தால் வழக்கு வேறு. மீளப்பெறுதல் மறுப்பு அல்ல என்று அவர் உண்மையாகவே நம்பினார், ஆகவே வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று வாதாடலாம். பொய்யுரைத்தல் என்ற 212(ஏ)(6)(சி) பிரிவுக்கு அந்த ‘வேண்டுமென்று’ முக்கியம். சொன்னது தவறு என்று தெரிந்து சொல்லியிருக்க வேண்டும், அது முடிவைப் பாதிக்கக் கூடிய விஷயமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பதிலில் தம்பியே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆம் என்பது சரியான பதில் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பதில் முடிவை மாற்றும் என்றும் தெரியும்.

நான் அவரிடம் தமிழில் கேட்டேன். அந்த நேரம் மனதில் என்ன இருந்தது, ஆங்கிலத்தை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “பயந்திட்டன் அண்ணை. ஓமெண்டு சொன்னா என்ரை கதையைக் கேக்காமலே அனுப்பிப் போடுவாங்கள் எண்டு நினைச்சன்.”

தாளில் விடுபட்டது ‘கதையைக் கேக்காமலே’. உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம் ஒன்று, காது கொடுக்க மாட்டார்கள் என்ற பயம் இன்னொன்று. ஒரு மனிதனை எடைபோட இந்த வித்தியாசம் எனக்குப் போதும். வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். ‘நெவர்’ என்ற சொல்லைச் சுட்டிக் காட்டினார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்றைக்கும் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: சத்தியக் கூற்று எடுக்கிறார்கள் என்றால், ஆங்கிலம் எவ்வளவு தெரிந்தாலும் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பயத்தில் இருப்பவனுக்கு இரண்டாம் மொழியில் பாதி வசனம்தான் வரும். கோப்பில் அந்தப் பாதிதான் இருக்கும்.

கையில் கொடுத்த ஆணை

துரித வெளியேற்றம் 1996-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தோடு வந்தது, 1997 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நீதிபதி முன் கொண்டுபோகத் தேவையில்லை. எல்லை அதிகாரியே ஆணை எழுதலாம், மேலதிகாரி ஒருவர் ஒப்பமிட்டால் போதும். இரண்டே காரணத்துக்காகத்தான் எழுதலாம். உரிய குடிவரவுத் தாள் இல்லாமை, அல்லது பொய்யுரைத்தல். தம்பியின் ஆணை எழுதப்பட்ட ஐ-860 படிவத்தில் இரண்டுமே குறிக்கப்பட்டிருந்தன. கூடவே கொடுத்த மற்றப் படிவத்தில் ஐந்து ஆண்டு என்ற பெட்டியில் புள்ளடி.

ஐந்து ஆண்டு என்றவுடன் அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார். வெளியேற்ற ஆணையால் வரும் தடைதான் அந்த ஐந்து ஆண்டு. இரண்டாவது முறை வெளியேற்றப்பட்டால் அது 20 ஆண்டு. பொய்யுரைத்ததால் வரும் தடைக்கு ஆண்டுக் கணக்கே கிடையாது. அது ஆயுளுக்கும் நிற்கும். வழக்கறிஞர் இதை ஆங்கிலத்தில் சொன்னதும் நான் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வேலையை நான் மெதுவாகச் செய்தேன்.

இதற்கு மேல், ஆணை இருக்கும் காலத்தில் முன் அனுமதி இல்லாமல் திரும்ப நுழைய முயல்வது குற்றவியல் விஷயம். இரண்டு ஆண்டு வரை சிறை. மூன்றாவது பாலத்தைப் பற்றி மச்சான் இன்னும் பேசிக்கொண்டிருந்தார் என்று அறிந்ததும் வழக்கறிஞர் முதலில் இதைத்தான் எச்சரித்தார்.

நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று தம்பி கேட்டார். அந்தக் கதவு மிகவும் ஒடுங்கியது. அதை இன்னும் ஒடுக்கிய தீர்ப்பு எங்கள் ஆள் ஒருவரின் வழக்கில்தான் வந்தது. மெக்சிக்கோ எல்லையைத் தாண்டி 25 யார் தூரத்துக்குள் பிடிபட்ட ஈழத் தமிழர் ஒருவர் தஞ்சம் கேட்டு, மறுக்கப்பட்டு, அதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். 2020 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எல்லையில் பிடிபட்டவருக்கு நாடாளுமன்றம் சட்டத்தில் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவுதான் என்றது. அவருடைய நிலை வேறு, உயிருக்குப் பயந்து வந்தவர். ஆனால் துரித வெளியேற்ற ஆணையோடு நீதிமன்றப் படி ஏற நினைக்கும் எவருக்கும் அந்தத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது.

எஞ்சிய வழி, ஆணை எழுதிய இடத்துக்கே 30 நாளுக்குள் எழுதி, அதை மீளப் பார்க்கச் சொல்லிக் கேட்பது. வழக்கறிஞர் எழுதினார். ‘மீளப்பெறுதல்’ என்ற சொல் மயக்கத்தை விளக்கி நல்ல கடிதம். மறுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு நாளில் எதுவும் மாறவில்லையே. இன்னொரு ஐ-275 கொடுத்துத் திருப்பியிருப்பார்கள், கொஞ்சம் கடுமையாகப் பேசியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையும் பெற்றோல் காசும் போயிருக்கும்.

திருத்தும் வேலை

அடுத்த ஒன்றரை வருடத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். வேலை கிடைத்தது, நிலைத்தது. வாடகைக்கு எழுத்தில் ஒப்பந்தம் எடுத்தார். வரிப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தினார். தகவல் கோரும் சட்டத்தின் கீழ் அவருடைய கோப்பை வரவழைத்தோம். இரண்டு விண்ணப்பம் தேவைப்பட்டது. வெளியேற்ற ஆணைக் காலம் முடியுமுன் வர அனுமதி கேட்கும் ஐ-212, பொய்யுரைத்த தடையிலிருந்து தற்காலிக விலக்குக் கேட்கும் ஐ-192. இதை எங்கள் ஆட்கள் ‘வேய்வர்’ என்பார்கள். கனடியர் இவற்றை எல்லைத் துறையிடமே கொடுக்கலாம். கைரேகை எடுத்து கனடியக் கூட்டாட்சிப் பொலிஸான ஆர்.சி.எம்.பி.-யிடமிருந்து குற்றப் பதிவு இல்லை என்ற சான்றும் வைக்க வேண்டும்.

விலக்குக் கொடுப்பதற்கு மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்று 1978-இல் வந்த ஹ்ராங்கா வழக்கின் தீர்ப்பு சொல்கிறது. உள்ளே விட்டால் சமூகத்துக்கு ஆபத்து உண்டா, முன்பு செய்த மீறல் எவ்வளவு பாரதூரமானது, வர விரும்பும் காரணம் என்ன. அந்த வழக்கும் ஒரு கனடியருடையதுதான். வரும் காரணம் மிகக் கட்டாயமானதாக இருக்க வேண்டியதில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் பிள்ளையைப் பார்ப்பது போதுமான காரணம்.

இத்தனை தாளிலும் கடினமானது அவருடைய சொந்தக் கடிதம். வழக்கறிஞர் தான் எழுதித் தர மறுத்துவிட்டார். தமிழில் எழுதட்டும், நீங்கள் மொழிபெயர்த்துத் தாருங்கள் என்றார். முதல் கடிதம் மூன்று பக்கம். வெள்ளிக்கிழமை அதிகாரி சரியாகக் கேட்கவில்லை, மச்சான் பிழையாகச் சொன்னார், கேள்வி விளங்கவில்லை. மொழிபெயர்க்காமலே திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவதில் மச்சான் மட்டும் இருந்தார். மூன்றாவது கடிதம் முக்கால் பக்கம். அதன் நடுவில் இந்த வசனம்: ‘வெள்ளிக்கிழமை நான் வந்து திரும்பியதை மறைத்தேன். அது மறுப்பு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆனால் நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.’

அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மாதங்கள் கழித்து விலக்குக் கிடைத்தது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை கொடுக்கலாம், இவருக்கு முதல் முறை ஓராண்டு. முடிவதற்குள் புதுப்பிக்கக் கேட்க வேண்டும். ஐ-192-ஐ ஆயுள் முழுக்க இப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

போகும் நாளுக்கு முந்தின இரவு தொலைபேசியில் அழைத்தார். எந்தப் பாலத்தால் போகட்டும் அண்ணை என்று கேட்டார். வெள்ளிக்கிழமை போன அதே பாலத்தால் போங்கள் என்றேன். அங்கேதான் உங்களோடு நேர்மையாகப் பேசினார்கள்.

செகண்டரியில் இரண்டரை மணித்தியாலம் எடுத்ததாம். கோப்புறையை மேசையில் வைத்துவிட்டு, கேட்கும் முன்பே சொல்லியிருக்கிறார், ஒரு முறை மீளப்பெற்றேன், ஒரு முறை வெளியேற்றப்பட்டேன் என்று. உரைபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டதற்கு ஓம் என்றிருக்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் யாரோ ஒரு தமிழ்ப் பெண், அவர் சொன்னதை முழுதாகச் சொல்லியிருக்கிறா. ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் திரும்பும் நாள் போட்டுக் கொடுத்தார்கள். அந்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே ஸ்காபரோ வந்து சேர்ந்துவிட்டார். திங்கட்கிழமை வேலை.